துணை ஆள்: ஒருவர் மட்டும்

ஏழாவது கட்டத்துக்கு மேல் நெரெய்தாவின் பேனா தொங்க ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

முதல் ஆறு கட்டங்களில் பிரச்சினை இல்லை. பெயர்: நெரெய்தா சமரிப்பா. வயது: இருபது. படிப்பு: சுவாச சிகிச்சை, இரண்டாம் ஆண்டு. தூங்கும் நேரம்: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். வேலை: சனி, ஞாயிறு காலையில் ரொட்டிக் கடை. யாருடன் வசிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'எல்லோருடனும்' என்று எழுதியிருந்தாள்.

ஏழாவது கட்டத்தில் அச்சடித்திருந்தது: 'துணை ஆள். ஒருவர் மட்டும்.'

"என்னடி, இன்னுமா எழுதல?" என்றாள் சொகோரோ. ஆலோசனை மையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறவள் அவள்தான். நகங்கள் ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம். அதனால் ஒரே விரலால்தான் தட்டுவாள்.

"யோசிக்கிறேன்."

"ஒரு பேரு எழுத இவ்வளவு யோசனையா? கல்யாணமா பண்ணிக்கப் போற?"

"கல்யாணம்னா இந்நேரம் எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

அது மெக்சிகோ எல்லையோரத்து நம் பிள்ளைகளுக்கென்றே அந்தக் கல்லூரியில் ஆரம்பித்திருந்த மன அழுத்தப் பயிற்சி. ஆறு செவ்வாய்க்கிழமைகள். ஆலோசகர் குவின்தானா முதல் நாளே விளக்கிவிட்டார்.

"வடக்கே எல்லாம் இந்தப் பயிற்சியில, தனியா ஒரு அறையில உக்காரு, கதவைச் சாத்து, கண்ணை மூடுன்னு சொல்லுவாங்க. உங்கள்ல யாருக்காவது தனி அறை இருக்கா?"

பதினான்கு பேரில் ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான்.

"மிஸ், குளியலறையைச் சேத்துக்கலாமா?"

"அதுல எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"யாராவது கதவைத் தட்டற வரைக்கும். ரெண்டு நிமிஷம்."

"அதனாலதான் நம்ம பயிற்சியில குடும்பத்தையே சேத்துட்டேன். நம்ம பலமே குடும்பம்தான். கடைசி செவ்வாய்க்கிழமை, காலைப் பிரிவு, மாலைப் பிரிவு எல்லாருக்கும் ஒரே நாள், உங்க குடும்பத்துலேர்ந்து ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். இருபது நிமிஷம் நீங்க உங்க மனசுல இருக்கறதைச் சொல்லணும். அவங்க கேக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வாயைத் திறக்காம கேக்கணும். அறிவுரை கூடாது. 'உன் வயசுல நான்'னு ஆரம்பிக்கக் கூடாது. சத்தமா ஜெபம் பண்ணக் கூடாது. அறைக்குள்ள சாப்பாடு கொண்டு வரக் கூடாது."

தங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று பதினான்கு பேரும் யோசித்தார்கள். குளியலறைப் பையன் அடுத்த வாரத்திலிருந்து வரவே இல்லை.

நெரெய்தாவால் அப்படி நின்றுவிட முடியாது. செப்டம்பரில் நடந்த செய்முறைத் தேர்வில், படுக்கையில் கிடந்த பொம்மை நோயாளிக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டச் சொன்னார்கள். அவள் அதைத் தனக்கே மாட்டிக்கொண்டு, பொம்மையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பக்கத்தில் படுத்துவிட்டாள். ஆசிரியர் திட்டவில்லை. "இந்தப் பயிற்சியை முடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வா. ஜனவரியில ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு உன் இடம் அப்படியே இருக்கும். கையெழுத்து இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லாமல் பட்டயம் இல்லை. ஆகவே ஒரு பெயர் வேண்டும்.

யாராக இருந்தாலும் முதலில் அம்மா பெயரைத்தான் எழுதுவார்கள். ஆனால் நெரெய்தா சொல்ல வேண்டியதில் முக்கால் பங்கு அம்மாவைப் பற்றியதுதான். அம்மா எல்விரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். இடைவேளைதோறும் போன் அடிப்பாள். "எங்க இருக்க?" "சாப்பிட்டியா?" "ஏன் எடுக்கல?" "எடுத்துட்டியா, சரி வை." வாரத்தில் மூன்று மாலைகள்தான் நெரெய்தாவின் போனுக்கு ஓய்வு. அப்போது அம்மா ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். ஆகஸ்டில் சேர்ந்த கூட்டம். விசாரித்தால் நம்மையும் கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயத்தில் வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடைசியில் நெரெய்தா ஞானம்மா கோன்சுவெலோவின் பெயரை எழுதினாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர். ஊரின் மறுகோடியில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு அப்பால் இருக்கிறார். காரில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தாள்.

"மாதாவே! என்னையா? என்னையா தேர்ந்தெடுத்த?" ஞானம்மா அழுதே விட்டார்.

"ஆமா ஞானம்மா. ஆனா அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"எங்கம்மா கல்லறை மேல சத்தியம். இந்த வாய் திறக்காது."

கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் பதினோரு நிமிடம். நெரெய்தா உள்ளே நுழைந்தபோது அம்மா அடுப்படியில் சோள மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினாள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள் அம்மா.

"நானும் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"கோன்சுவெலோ நல்லவதான். நான் குறை சொல்லல."

"மா..."

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தத் துணை ஆள், கட்டாயம் வந்தே ஆகணுமா? வரலைன்னா விட மாட்டாங்களா?"

"வரலைன்னா கையெழுத்துக் கிடையாதும்மா."

அம்மாவின் கை மாவிலேயே நின்றது. முகம் அப்படியே வாடிப்போனது. நெரெய்தா வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள்.

"அதுக்கில்லம்மா. செவ்வாய்க்கிழமை காலையில. உனக்கு வேலை இருக்குமேன்னுதான்..."

"அன்னைக்கு நான் லீவு போட்டாச்சு."

"எப்போ?"

"போன வாரமே." அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

போன வாரமே! தன்னைத்தான் மகள் கூப்பிடுவாள் என்று அம்மா முன்கூட்டியே லீவு போட்டு வைத்திருக்கிறாள். நெரெய்தாவுக்கு அந்தப் பொம்மை நோயாளியின் பக்கத்தில் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பழைய பொய் உடைந்துவிட்டதால் உடனே புதிய பொய் ஒன்றைச் செய்தாள்.

"நானா தேர்ந்தெடுக்கலம்மா. காலேஜ்லயே சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. ஞானம்மா பேரு வந்துச்சு."

"அப்படியா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

ஆனால் சீட்டு என்ற சொல் அந்தச் சமையலறையில் நிற்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. நாற்பத்தாறு பேர். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இருக்கிற ஏழு பேரும் அதில் சேர்த்தி. இரவுச் சாப்பாட்டுக்குள் பெரியம்மா ஹெர்லிந்தாவின் குரல் செய்தி வந்து விழுந்தது.

"சீட்டுக் குலுக்கினாங்களாமே? அந்தக் குடத்துல என் பேரு இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு நெரெய்தா. நான் உங்கம்மாவோட கூடப்பிறந்தவ. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன்."

இரண்டு நிமிடம் கழித்து டெலியாவின் செய்தி. டெலியா செருப்பு ஞானம்மா. நெரெய்தாவின் பதினைந்தாம் வயது விழாவில் கேக்குக்கு ஒரு ஞானம்மா, இசைக்கு ஒரு ஞானப்பா, நாற்காலிகளுக்கு ஒரு ஞானம்மா என்று செலவைப் பகிர்ந்துகொண்டபோது, வெள்ளிச் செருப்பை ஏற்றுக்கொண்டவர்.

"செருப்பு வேணும்னா டெலியா. மனசு விட்டுப் பேசணும்னா வேற ஆளா? பரவாயில்ல கண்ணு. நல்லா இரு."

நாற்காலி ஞானம்மா அழுகிற முகம் ஒன்றை மட்டும் அனுப்பினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் நெரெய்தா குழுவில் எழுதினாள்: 'காலேஜ்ல போட்ட சீட்டு செல்லாதாம். வீட்டிலேயே புதுசா போடச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க.'

ஞாயிற்றுக்கிழமை அப்பா எலிசேயோ முற்றத்து மர உயரத்துக்குப் புகை எழும்ப இறைச்சி சுட்டார். ஏசி பழுது பார்க்கிறவர். வாரம் முழுவதும் கூரைகள் மேல் தனியாக இருந்து பழகியதால் பேச்சே கிடையாது. அவருடைய வைக்கோல் தொப்பியில்தான் சீட்டுகளைப் போட்டார்கள்.

சீட்டுகளை நெரெய்தாவே எழுதினாள். ஞானம்மா கோன்சுவெலோதான் வர வேண்டும், வேறு யார் பெயர் வந்தாலும் தொல்லை என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று பன்னிரண்டு சீட்டிலும் கோன்சுவெலோ என்றே எழுதிவிட்டாள். அம்மா சீட்டின் பக்கமே வரவில்லை.

"மா, உன் பேரையும் போடட்டுமா?"

"எனக்கு வேணாம். அன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு."

லீவு போட்டவளுக்கு வேறு என்ன வேலை? இது ஆழமான கோபம் என்று நெரெய்தா புரிந்துகொண்டாள்.

பெரியம்மா ஹெர்லிந்தா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். "கோன்சுவெலோ" என்று வாசித்தார். ஞானம்மா கோன்சுவெலோ கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் செருப்பு ஞானம்மாவுக்கு ஓர் ஆசை.

"என் பேரு எவ்வளவு கிட்ட இருந்துச்சுன்னு பாக்கறேன்" என்று தொப்பிக்குள் கையை விட்டார். எடுத்தார். படித்தார். இன்னொன்று எடுத்தார். இன்னொன்று.

"கோன்சுவெலோ. கோன்சுவெலோ. இங்கயும் கோன்சுவெலோ. எலிசேயோ, உன் தொப்பியில அவ முட்டை வெச்சுக் குஞ்சு பொரிச்சுட்டாளா?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று ஞானம்மா கோன்சுவெலோ மார்பில் கை வைத்தார்.

"உனக்கு எப்பவும் ஒண்ணும் தெரியாது. ஞானஸ்நானத்துலயும் குழந்தையை நான் தூக்கறதா இருந்தது. சாமியார் வர்றதுக்குள்ள நீ தூக்கிட்ட!"

"இருபது வருஷமா அதையே சொல்லிட்டிருக்கியா?"

"இருபது வருஷமா சொல்லல. இன்னைக்குத்தான் சொல்றேன்!"

சுட்ட இறைச்சியை ஒருவரும் தொடவில்லை. அந்த வீட்டில் அது ஆபத்தின் கடைசி அறிகுறி. நெரெய்தா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

"தப்பு என்மேலதான்! சீட்டு வேணாம். போட்டி வெச்சுக்கலாம். இருபது நிமிஷம் யாரு வாயைத் திறக்காம இருக்காங்களோ, அவங்கதான் துணை ஆள்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இருபது நிமிடம் என்ன பெரிய விஷயமா?

மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டார்கள். அப்பா கையில் கடிகாரம். முதலில் பெரியம்மா ஹெர்லிந்தா வந்து உட்கார்ந்தார். பாவாடையைச் சரிசெய்து, உதடுகளை இறுக்கி மூடினார்.

நெரெய்தா ஆரம்பித்தாள். "எனக்கு ராத்திரியில சரியாத் தூக்கம் வரதில்ல..."

"பால்ல லவங்கப்பட்டை போட்டுக் குடி."

"ஒம்பது செகண்ட்" என்றார் அப்பா.

"நான் எங்க பேசினேன்? பால்னுதானே சொன்னேன்!"

அடுத்தது டெலியா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். மூன்று நிமிடம் தாங்கினார். "சில நாள் கார்ல உக்காந்துட்டு இறங்கவே மனசு வரதில்ல" என்று நெரெய்தா சொன்னதும் கண்ணில் நீர் கொட்டியது. நாலாவது நிமிடம் எழுந்து வந்து அவளைத் தன் மார்போடு சேர்த்து அமுக்கிவிட்டார்.

"நான் வாயே திறக்கலையே!"

"என் வாயை அடைச்சுட்டீங்களே" என்றாள் நெரெய்தா, துணிக்குள்ளிருந்து.

ஞானம்மா கோன்சுவெலோ ஆறு நிமிடம் சிலைபோல இருந்தார். நெரெய்தாவுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. ஏழாவது நிமிடத்தில் அவர் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"யாரு அவன்?"

"எவன்?"

"தூக்கம் வரல, மூச்சு முட்டுது, பசிக்கலன்ற. எனக்குத் தெரியாதா? எந்த ஊர்ப் பையன்?"

நெரெய்தா வெறுத்துப்போய், "அப்பா, நீங்க உக்காருங்க" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கினார். அவள் பேசினாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து. அப்பா அசையவில்லை. இவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்த பொக்கிஷத்தைப் பார்க்காமல் போனோமே என்று அவள் நினைத்தாள். இருபதாவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

"தூங்கினவன் கேட்டவன் ஆவானா?" என்று பெரியம்மா எழுந்தார்.

அப்பா திடுக்கிட்டு விழித்தார். "நான் எல்லாத்தையும் கேட்டேன். பால் குடிக்கச் சொன்னாங்க."

இத்தனைக்கும் நடுவில் அம்மா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நெரெய்தா பேசிய ஒவ்வொரு தடவையும் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு சொல் பேசவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை.

போட்டியில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரியம்மா பாலோடு வந்து நின்றார். செருப்பு ஞானம்மா, காரை விட்டு இறங்க மனம் வராதவளுக்குத் துணையாக, கல்லூரி வாகன நிறுத்தத்தில் தன் காரை நிறுத்திக் கண்ணாடி வழியாகக் கையசைத்தார். ஞானம்மா கோன்சுவெலோ அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கி, கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் மூன்று பேரை விசாரித்துவிட்டார். அவர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியர். நாள் முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவுடைய போன் மட்டும் குறைந்துவிட்டது.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை, ஆலோசகர் குவின்தானா அவளுடைய மன அழுத்த மதிப்பெண்ணை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

"நாற்பதுக்கு முப்பத்தெட்டு. முதல் வாரம் இருபத்தாறுதானே இருந்துச்சு? பயிற்சி பிடிக்கலையா?"

"பயிற்சி நல்லாத்தான் இருக்கு மிஸ். வீட்டுப்பாடம்தான் உயிரை எடுக்குது."

"அடுத்த வாரம் நீ எழுதின ஞானம்மாதானே வராங்க?"

"தெரியல மிஸ்."

"இந்த ஒரு தடவைக்கு விட்டுடலாம்னு எனக்கும் ஆசைதான். ஆனா ஆள் வந்து உக்காந்து கேக்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

அன்று சாயங்காலம் அம்மா அவள் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வையின் நூலைப் பிரித்தாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமை காலையில உனக்கு ஒரு அரைமணி நேரம் இருக்குமாடி?"

"மா, அன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாள். என் உயிரே போயிட்டிருக்கு. அன்னைக்குப் போய் என்னை எங்க கூப்பிடற?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல." அம்மா எழுந்து போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க வந்தவளையும் விரட்டிவிட்டோம் என்று நெரெய்தா தலையணையில் முகம் புதைத்தாள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை அவள் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை.

"நீல கவுன் போட்டுட்டுப் போனா. உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தா" என்றார் அப்பா. "எங்கன்னு கேட்டேன். கோயிலுக்குன்னா."

உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கோயிலில் அழப் போயிருக்கிறாள். கல்லூரிக்கு வந்து சேரும் வரை அவளிடமிருந்து ஒரு போன் இல்லை. நெரெய்தா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். யாரையும் கூப்பிடப் போவதில்லை. தனியாகப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியது. ஜனவரி போனால் போகட்டும்.

கல்லூரி வாகன நிறுத்தத்தில் அப்பாவின் லாரி நின்றது. அதன் பக்கத்தில் பெரியம்மாவின் வேன், செருப்பு ஞானம்மாவின் கார், எலுமிச்சை ஏற்றி வந்த இன்னொரு லாரி. மடக்கு நாற்காலிகளை நாற்காலி ஞானம்மா இறக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் மடியில் ஆவி பறக்கும் ஒரு பெரிய பாத்திரம். சோளத் தோகையில் சுற்றி அவித்த தமாலே, பன்றி இறைச்சி வைத்தது, குறைந்தது நூறு இருக்கும்.

"உனக்கு யாரு வேணுமோ எடுத்துக்கோ" என்றார் பெரியம்மா. "நாங்க சண்டை போட மாட்டோம். பேசி முடிவு பண்ணிட்டோம்."

"என்ன முடிவு?"

"என்னைத்தான் எடுக்கணும்னு."

"அப்படி எப்ப முடிவு பண்ணினோம்?" என்றார் செருப்பு ஞானம்மா.

அவர்கள் பதினெட்டுப் பேரும் அவள் பின்னாலேயே ஆலோசனை மையத்தின் தாழ்வாரத்துக்குள் நுழைந்தார்கள். சொகோரோ கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

"துணை ஆள் யாரு?"

"நான்" என்றார்கள் ஏழெட்டுப் பேர்.

"யாரும் இல்ல" என்றாள் நெரெய்தா. "இல்லன்னு எழுதிக்கங்க."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் ஆலோசகர் குவின்தானா தன் அறையிலிருந்து ஓடி வந்தார். யாரும் இல்லையாமே, பதினெட்டுப் பேர் நிற்கிறோமே, கண் தெரியவில்லையா, பாலை ஊற்றினேனே, செருப்பு வாங்கினேனே! ஞானம்மா கோன்சுவெலோ கணிதப் பேராசிரியரைத் தாழ்வாரத்தில் அடையாளம் கண்டு அவர் பக்கம் நகர்ந்தார். அவர் வந்த வழியே திரும்பி ஓடினார்.

நெரெய்தா பெரியம்மாவின் பாத்திரத்தைப் பிடுங்கினாள்.

"மிஸ், அறைக்குள்ளதானே சாப்பாடு கூடாது? இது தாழ்வாரம்."

"தாழ்வாரத்துக்கு விதி எதுவும் இல்ல" என்றார் குவின்தானா, யோசித்தபடி.

அவள் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். பெரியம்மா செய்த தமாலேவை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு ஆறவிடுவதும் அவமரியாதை. பதினெட்டு வாய்களும் நிறைந்தன. தாழ்வாரத்தில் தோகை உரியும் சத்தம் மட்டும்.

நெரெய்தா பேச ஆரம்பித்தாள்.

அந்த முகமூடியை மாட்டிக்கொண்டபோது, தன் மூச்சு மட்டும் கேட்டதாகச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை என்றும், அதனால்தான் கழற்ற மனம் வரவில்லை என்றும் சொன்னாள். "நான் பரீட்சை எழுதற நாள்ல எனக்காக எத்தனை மெழுகுவத்தி ஏத்தறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் தோத்தா நான் மட்டும் தோக்க மாட்டேன். நாற்பத்தாறு பேரும் தோப்பீங்க. அவ்வளவு பேரைத் தூக்கிட்டு என்னால நடக்க முடியல." அம்மாவைப் பற்றியும் சொன்னாள். "அவ போன் பண்ணினா எனக்குக் கோபம் வருது. பண்ணாம விட்டா பயமா இருக்கு. இன்னைக்கு அவ பண்ணவே இல்ல."

தமாலே தீர்ந்துபோனது. வாய்கள் காலியாகின. ஆனாலும் யாரும் பேசவில்லை. டெலியா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்திருந்தார். இந்தத் தடவை அவர் விழித்துத்தான் இருந்தார்.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றார் குவின்தானா. மூக்கைத் துடைத்துக்கொண்டு நெரெய்தாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள், பேசினார்கள், கட்டிப் பிடித்தார்கள். பால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வதற்கென்ன என்று பெரியம்மா கேட்டார். நெரெய்தா சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரியில என்னையும் பாத்துப்பியா?" என்றார் அப்பா. ஒரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க!" என்று சொகோரோ மேசையைத் தட்டினாள். படிவத்தை வாங்கிக் கணினிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "துணை ஆள் கட்டத்துல எழுதின பேரை அடிச்சுட்டு யார் பேரைப் போட? பதினெட்டுப் பேரும் இதுக்குள்ள ஏற மாட்டாங்க."

"குடும்பப் பேரை மட்டும் போட்டுடு" என்றார் குவின்தானா.

சொகோரோ ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பாதியில் விரல் நின்றது. அதே குடும்பப் பேரில் இன்னொரு படிவம் திரையில் வந்திருந்தது; கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். பிறகு நெரெய்தாவைப் பார்த்தாள்.

"நீ இன்னும் இங்க என்னடி பண்ற? மூணாம் நம்பர் அறையில மாலைப் பிரிவு மாணவி ஒருத்தங்க, நீல கவுன் போட்டுட்டு அரைமணி நேரமாத் தனியா உக்காந்திருக்காங்க; துணை ஆள்னு உன் பேரைத்தான் எழுதியிருக்காங்க."